வேலை மாறும் காலத்தில் சொந்தச் செயலியை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி மூன்று வருடமாக வேலை செய்கிறேன். இரவில் சொந்தமாக ஒரு செயலி எழுதினேன். நெல் கொள்வனவுக் கணக்கு: மூடை, நிறை, ஈரப்பதக் கழிவு, கமக்காரருக்குக் கொடுக்கவேண்டிய மிச்சம். நான்கு அரிசி ஆலைகள் மாதக் கட்டணம் கட்டிப் பாவிக்கின்றன. இப்போது கூடிய சம்பளத்துக்கு வேறு நிறுவனத்தில் முயற்சி செய்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை. செயலி தங்களுடையது என்று பழைய நிறுவனம் சொல்லிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. – வாசகர், கிளிநொச்சி

பதில்: பயத்திலிருந்தே தொடங்குவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக எழுதிய மென்பொருளின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே. வேலைக்கு வெளியே நீங்கள் எழுதியது உங்களுடையது. சட்டத்தில் சிக்கல் இல்லை, எல்லையைக் காட்டுவதில்தான் சிக்கல் வரும். நிறுவனத்தின் மடிக்கணினியில் எழுதினீர்களா, வேலை நேரத்தில் எழுதினீர்களா, நிறுவனத்தின் கோடில் (மென்பொருளின் நிரல் வரிகளில்) ஒரு துண்டையாவது வெட்டி ஒட்டினீர்களா? இந்த மூன்றுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நாலாவது ஒன்று அண்மைக்காலத்தில் சேர்ந்திருக்கிறது: நிறுவனம் காசு கட்டிய செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு சொந்தக் கோட் எழுதுவது. அதுவும் நிறுவனத்தின் வளம்தான்.

இன்றைக்கே நியமனக் கடிதத்தை எடுத்து இரண்டு வாசகங்களைத் தேடுங்கள். ஒன்று, வேறு வருமானம் தரும் வேலைக்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்பது. மற்றது, வேலைக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்பது. இரண்டாவது வாசகம் 'வேலை தொடர்பாக' என்ற சொல் இல்லாமல் அகலமாக எழுதப்பட்டிருந்தால், இராஜினாமாக் கடிதம் கொடுக்க முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அடுத்து கிட் வரலாற்றைப் பாருங்கள். கோடில் செய்யும் மாற்றங்களை யார், எப்போது செய்தார் என்று பதிந்துவைக்கும் கருவிதான் கிட், அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கொமிட். பலர் ஒரே கணினியில் இரண்டு வேலையும் செய்வதால், சொந்தச் செயலியின் கொமிட்டுகளில் அலுவலக மின்னஞ்சல் முகவரி ஏறியிருக்கும். அப்படி இருந்தால் இனிமேல் சொந்த முகவரியை அந்தக் கோப்புறைக்கு மட்டும் தனியாக அமையுங்கள். பழைய வரலாற்றை அழித்து எழுதவேண்டாம். எழுதிய நேரமும் இடமும் அதனால் மாறப்போவதில்லை. பின்னர் ஒரு பிரச்சினை வந்தால் மறைக்கப் பார்த்ததாகத்தான் தெரியும். கிட்ஹப் (கோடை இணையத்தில் வைக்கும் தளம்), டொமைன் (செயலியின் இணைய முகவரி), சேர்வர் கணக்குகளின் மீட்பு மின்னஞ்சல் அலுவலகத்துடையதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசி வேலை நாளில் அந்த முகவரி மூடப்படும். அதற்குப் பிறகு கடவுச்சொல்லை மறந்தால் சொந்தக் கணக்குக்குள்ளேயே போகமுடியாது.

இனி நேரம். வேலை போக வாரத்தில் உங்களுக்கு 12 மணித்தியாலம் மிஞ்சுகிறது என்று வைப்போம். நேர்முகத்துக்கு ஒழுங்காகத் தயாராக வாரம் 8 மணித்தியாலப்படி ஆறு வாரம் வேண்டும். மிச்சம் 4. அதில் செயலிக்குப் புதிய வசதி எழுத முடியாது, உடைந்ததைத் திருத்த மட்டுமே முடியும். ஆகவே எங்கள் கருத்து தெளிவானது: வேலை தேடும் ஆறு வாரமும், புதிய வேலையின் முதல் மூன்று மாதமும் செயலியை உறங்கவிடுங்கள். ஆனால் ஒழுங்காக உறங்கவிடுங்கள். பாதியில் போட்டுவிட்டுப் போன செயலியை நான்கு மாதம் கழித்துத் திறந்தால், என்ன எழுதினோம் என்று புரியவே இரண்டு வாரம் போய்விடும். அந்த அலுப்பிலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

உறங்கவிடுவது என்றால் இப்படி. அரைவாசியில் நிற்கும் வசதியை முடியுங்கள், அல்லது வெட்டி கிட்டில் ஒரு பக்கக் கிளையில் (ஓடும் பிரதியைத் தொடாத தனிப் பிரதியில்) வையுங்கள். ஓடும் பிரதியில் அரைகுறை எதுவும் நிற்கக்கூடாது. தரவுத்தளத்தை ஒவ்வோர் இரவும் தானாகப் பிரதி எடுக்க வையுங்கள். ஒரு பிரதி சேர்வருக்கு வெளியே இருக்கவேண்டும். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறு கணினியில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். கோப்பு இருக்கும், திறந்தால் வெறுமையாக இருக்கும் என்ற கதை அடிக்கடி நடக்கிறது. எழுதும் இடத்தில் டிஸ்க் நிறைந்துவிட்டால் பிரதி பாதியில் நின்றுவிடும், எவருக்கும் தெரியவராது. டொமைனை ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே புதுப்பியுங்கள். கட்டணம் வெட்டப்படும் வங்கி அட்டை எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். சேர்வர் பில் ஒரு எல்லையைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி அமையுங்கள். கடைசியாக ஒரு பக்கம் எழுதுங்கள்: எப்படி ஓடவைப்பது, எது எங்கே இருக்கிறது, எது முடியவில்லை, அடுத்து என்ன செய்ய நினைத்தீர்கள். கடவுச்சொற்களை அந்தப் பக்கத்தில் எழுதாமல் கடவுச்சொல் பெட்டகச் செயலியில் வையுங்கள்.

ஆலைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை பிழை திருத்தம் மட்டும், ஞாயிறு காலையில், புதிய வசதி அதற்குப் பிறகு. இங்கேதான் உங்கள் செயலிக்கு மற்றச் செயலிகளுக்கு இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. காலபோக அறுவடை தை கடைசியிலிருந்து பங்குனி வரை. சிறுபோக நெல் ஆடி, ஆவணியில் வரும். அந்த மாதங்களில் ஆலை வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது கணக்கு நின்றால், கமக்காரர் காசில்லாமல் திரும்பவேண்டும். ஆகவே புதிய வேலையின் முதல் மாதம் அறுவடையில் விழாதபடி தொடங்கும் திகதியைக் கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டு கழிந்தபின் தொடங்கினால் முதல் மூன்று மாதமும் அறுவடை இல்லாமல் கழியும். தொடங்கும் திகதியை இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கேட்பது குறையான காரியமல்ல, நிறுவனங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

புதிய நிறுவனத்திடம் சம்பளம் பேசி முடிந்து, கையெழுத்துப் போட முன்னர் செயலியைப் பற்றிச் சொல்லுங்கள். முதல் நேர்முகத்திலேயே சொன்னால் கவனம் அங்கே போய்விடும், கையெழுத்துக்குப் பிறகு சொன்னால் மறைத்ததாகும். ஒப்பந்தத்துடன் 'முன்னைய சொந்த ஆக்கங்கள்' என்று ஒரு இணைப்புக் கேளுங்கள். செயலியின் பெயர், தொடங்கிய திகதி, ஒரு வரி விளக்கம், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்ந்து பராமரிப்பீர்கள் என்ற வாசகம், இவ்வளவு போதும். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலே அங்கே எப்படி வேலை செய்யவேண்டிவரும் என்பதைக் காட்டும்.

கேள்வி: ஒரே நிறுவனத்தில் 4 வருடமும் 8 மாதமும் ஆகிறது. புதிய இடத்தில் 25,000 ரூபா கூடக் கிடைக்கும். உடனே போகவா? – வாசகி, மாங்குளம்

பதில்: உடனே போகவேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானவருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் உரித்தாகும். கடைசிச் சம்பளம் 180,000 ரூபா என்றால் 90,000 × 5 = 450,000 ரூபா. நான்கு மாதம் முந்திப் போனால் கூடக் கிடைப்பது ஒரு இலட்சம். 450,000ஐ இழந்து 100,000ஐ எடுப்பதில் அர்த்தமில்லை.

கவனிக்கவேண்டியது, 5 வருடம் என்பது இராஜினாமாக் கடிதம் கொடுக்கும் நாளுக்கல்ல, கடைசி வேலை நாளுக்கு. உங்கள் முன்னறிவித்தல் காலம் ஒரு மாதம் என்றால், 4 வருடம் 11 மாதம் தாண்டி ஒரு வாரம் கழித்துக் கடிதம் கொடுக்கலாம். அந்த ஒரு வாரத்தை விட்டுவைப்பது நல்லது: சில இடங்களில் கடிதம் கண்டவுடன் மிச்ச லீவைக் கழித்துக் கடைசி நாளை முன்னுக்கு இழுப்பார்கள். கணக்குப் பார்க்கும்போது அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள், இணையத்துக்கும் போக்குவரத்துக்கும் தரும் கொடுப்பனவுகளை நம்பவேண்டாம். வேலை முடிந்து 30 நாளுக்குள் காசு தரப்படவேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் போக முன்னர் அடையாள அட்டையில் உள்ள பெயரும் நிதியில் பதிந்த பெயரும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'எச்' கூடியோ குறைந்தோ போவது சாதாரணம். நிறுவனம் இருக்கும்போதே திருத்துவது இலகு, பத்து வருடம் கழித்து, அந்த நிறுவனமே மூடியபின் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: பம்பைமடுவில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து இரண்டு வருடம் மென்பொருள் பரிசோதகராக இருக்கிறேன். புரோகிராமராக மாறவேண்டும். கிட்ஹப்பில் 14 புரொஜெக்ட் போட்டிருக்கிறேன், ஒருவரும் கூப்பிடவில்லை. – வாசகர், வவுனியா

பதில்: 13ஐ மறைத்துவிடுங்கள். செய்ய வேண்டியவை பட்டியலும் வானிலை காட்டும் பக்கமும் ஆயிரக்கணக்கானோரிடம் உண்டு, பார்ப்பவர் ஒன்றைத் திறந்து அது பாடத்தில் வந்தது என்று கண்டதும் மற்றவற்றைத் திறக்கமாட்டார். உண்மையாக யாராவது பாவிக்கும் ஒன்றை வையுங்கள். தெருமுனைக் கடையின் கடன் கொப்பிக் கணக்கானாலும் சரி. அதன் விளக்கக் கோப்பில் முதலில் இது யாருக்கு, என்ன சிக்கலுக்கு என்று இரண்டு வரி. பிறகு செயலியின் திரையைக் காட்டும் ஒரு படம் (ஸ்கிரீன்ஷொட்). பிறகு ஓடவைக்கும் கட்டளைகள். கடைசியில் நீங்கள் கண்ட ஒரு பிழை, அதன் காரணம், திருத்திய விதம். பரிசோதகரான உங்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் பலம். அந்தப் புரொஜெக்டுக்குத் தானியங்கிப் பரிசோதனைகள் எழுதியிருந்தால், வேறு புதிய விண்ணப்பதாரரிடம் அநேகமாக அது இருக்காது.

இலவச சேர்வரில் வைத்திருந்தால், சில சேவைகள் 15 நிமிடம் ஒருவரும் வராவிட்டால் உறங்கிவிடும். திறக்க ஒரு நிமிடம்வரை எடுக்கும். பார்ப்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார். நேர்முகத்துக்கு ஐந்து நிமிடம் முன்னர் நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள். கடவுச்சொல்லோ ஏ.பி.ஐ. சாவியோ (வெளிச் சேவை ஒன்றைச் செயலி பாவிக்கத் தரப்படும் இரகசியக் குறியீடு) தவறி கொமிட்டில் போயிருந்தால், கோப்பை அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். முதலில் அந்தச் சாவியைச் செல்லுபடியற்றதாக்கிப் புதியது எடுங்கள், மற்றது பிறகு.

வெளியே தேட முன்னர் உள்ளே கேளுங்கள். இப்போதைய நிறுவனத்தில் தானியங்கிப் பரிசோதனைக் குழுவுக்கு மாறி, அங்கிருந்து ஒரு வருடத்தில் கோட் எழுதும் குழுவுக்குப் போவது பலருக்கு வாய்த்த வழி. சேவைக்காலமும் அறுபடாது.

கேள்வி: நேர்முகத்தில் இருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. – வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சிறிய யூ.பி.எஸ். வாங்குங்கள். பெட்டியில் 8,800 மில்லி அம்பியர் மணி என்று இருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு: ஏறத்தாழ 32 வாட் மணி. இழப்புப் போக 26. ரவுட்டர் 10 வாட் எடுத்தால் இரண்டரை மணித்தியாலம் தாங்கும். வாங்க முன்னர் ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ட்தானா என்று பாருங்கள், சில 9 வோல்ட். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டும் நேர்முகத்தைத் தொடரலாம். மின்னல் அந்த வழியாகவும் ரவுட்டரைக் கொல்லலாம். கைத்தொலைபேசியில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் 2 ஜி.பி. டேட்டாவும் தயாராக இருக்கட்டும். ஒரு மணித்தியால வீடியோ அழைப்புக்கு 1 முதல் 1.5 ஜி.பி. போகும்.

கேள்வி: என் மகன் நாலு வருடத்தில் மூன்றாவது வேலைக்கு மாறப்போகிறானாம். இரவிலும் கணினிக்கு முன்னால்தான். அரச ஆசிரியர் நியமனத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எதைச் சொல்ல? – ஒரு தகப்பன், ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, இந்தத் தொழிலில் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை மாறுவது குறையாகப் பார்க்கப்படுவதில்லை. ஒரு வருடம் முடிய முன்னர் இரண்டு தரம் மாறினால்தான் கேள்வி வரும். ஓய்வூதிய உரித்துள்ள அரச நியமனத்துக்குப் போனால் சேமலாப நிதியை வயதுக்கு முன்னரே எடுக்கலாம். ஆனால் அரச சேவையில் இருந்துகொண்டு காசுக்கு வெளிவேலை செய்ய அனுமதி வேண்டும். அவருடைய இரவு வேலை வருமானம் தருவதா, வெறும் ஆர்வமா என்பதை முதலில் கேளுங்கள். வருமானம் தருவது என்றால், கடந்த ஆறு மாதத்தில் என்ன கிடைத்தது, அதில் எவ்வளவு சேர்வருக்கும் இணையத்துக்கும் போனது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் ஆசிரியர் சம்பள அளவையும் பக்கத்தில் வைத்து இருவருமாகக் கதையுங்கள்.