கேள்வி–பதில்: 30 மீட்டர் ஆழத்தில் 8,000 பேர்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் லண்டன்வாசிகள் ரயில் ஓடாத சுரங்கங்களில் தங்கினார்களாமே? அவை ரயிலுக்குத் தோண்டியவையா, பதுங்கத் தோண்டியவையா?
– வாசகர், அல்சூர்

பதில்: இரண்டுக்கும்தான். முதலில் மக்கள் ஓடும் ரயில் நிலையங்களில்தான் படுத்தார்கள். 1940 அக்டோபரில் பால்ஹம் நிலையத்துக்கு மேலே சாலையில் விழுந்த குண்டு, தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் உடைத்தது. சேறும் நீரும் நடைமேடைக்குள் கொட்டி 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இலையுதிர்காலத்திலேயே, இருக்கும் நிலையங்களுக்கும் கீழே இன்னும் ஆழமாகத் தோண்ட அரசு முடிவெடுத்தது. பத்து இடங்கள் திட்டம், எட்டுதான் முடிந்தன. ஓவலில் நீர் ஊறியது. செயின்ட் பால்ஸில் தேவாலயத்தின் அடித்தளம் அசைந்துவிடுமோ என்ற அச்சம்.

ஒவ்வொன்றும் இணையாகச் செல்லும் இரண்டு சுரங்கங்கள். நீளம் 366 மீட்டர், உள்விட்டம் 5 மீட்டர். நடுவே ஒரு தளம் போட்டு, மேலும் கீழுமாக 8,000 படுக்கைகள். போர் முடிந்ததும் விரைவு ரயில் பாதைக்கு இவற்றை எடுத்துக்கொள்ள, நகரப் போக்குவரத்தை நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட்டுக்கு உரிமை தரப்பட்டிருந்தது. அந்தப் பாதை வரவே இல்லை. தோண்டியவை தனித்தனித் துண்டுகள்; அவற்றை இணைக்க வேண்டிய தூரம் அப்படியே களிமண்ணாக நின்றுவிட்டது. 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் ஜமைக்காவிலிருந்து வந்தவர்களில் 200க்கும் மேற்பட்டோருக்கு கிளாப்பம் சவுத் சுரங்கம்தான் முதல் தங்குமிடம்.

கேள்வி: அத்தனை பேர் உள்ளே எப்படி மூச்சு விட்டார்கள்?
– வாசகி, காக்ஸ் டவுன்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதுங்கிடம் என்றதும் எல்லோரும் கூரையின் கனத்தைத்தான் யோசிக்கிறார்கள். கூரை தாங்கினாலும் காற்று இல்லையென்றால் ஓர் இரவு தாண்டாது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சுரங்கங்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 14,500 கன மீட்டர். 8,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.8 கன மீட்டர். சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். விசிறி நின்றுபோனால் ஒரு மணி நேரத்தில் காற்றில் அது 1 சதவீதம். மூன்று மணி நேரத்தில் 3 சதவீதம். தலைவலி, மூச்சிரைப்பு, குழந்தைகளின் அழுகை எல்லாம் அப்போது தொடங்கிவிடும். படுக்கை, தளம், சுவர் அடைக்கும் இடத்தைக் கழித்தால் நிலைமை இன்னும் மோசம். அரை சதவீதத்துக்குள் வைக்க ஆளுக்கு மணிக்கு 4 கன மீட்டர், ஆக மொத்தம் 32,000 கன மீட்டர் புதுக் காற்றை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெப்பம் தனிக் கதை. ஒருவர் உடல் சுமார் 100 வாட் விடுகிறது. 8,000 பேர் என்றால், ஒரு கிலோவாட் இஸ்திரிப்பெட்டி 800ஐ ஒரே நேரத்தில் போட்டுவைத்த மாதிரி. களிமண் அந்தச் சூட்டை எளிதில் வாங்கிக்கொள்ளாது. அதையும் காற்றுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். கழிவுநீரும் அப்படித்தான்: நகரச் சாக்கடை மேலே இருப்பதால் பம்ப் வைத்து ஏற்றியாக வேண்டும். ஆகவே மின்சாரம் போனால் எல்லாமே போச்சு.

கேள்வி: சைரன் ஊதியதும் ஓடிப்போய் இறங்கிவிட முடியுமா?
– வாசகர், ஜெயநகர்

பதில்: முடியாது. ஒரு படிவரிசையில் நிமிடத்துக்கு 60 பேர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், நான்கு வரிசைகளில் 8,000 பேர் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் 1944 ஜூலையில் ஐந்து இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் லண்டனின் பெத்னல் கிரீன் பதுங்கிடத்தில் அந்த விபத்து நடந்தது. அது ரயில் வராத, பாதி கட்டிய டியூப் (சுரங்க ரயில்) நிலையம். 1943 மார்ச் 3 அன்று மழையில் நனைந்த 19 படிகள், மங்கிய ஒற்றை விளக்கு, நடுவில் கைப்பிடி இல்லை. அருகிலிருந்த பூங்காவில் புதுவகை ராக்கெட்டுகள் சீறிய சத்தத்தில் கூட்டம் முண்டியடித்தது. ஒரு பெண் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அடுக்கடுக்காக விழுந்து 173 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை. நடுக்கைப்பிடியைப் பிறகுதான் வைத்தார்கள்.

கேள்வி: லண்டனில் இரண்டே ஆண்டில் முடித்தார்கள். எங்கள் பக்கத்து மெட்ரோ சுரங்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை காலம்?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: மண்தான் காரணம். லண்டன் களிமண் இறுக்கமானது, நீர் கசியாது, வெட்டிய முகம், சுவரைத் தாங்கும் வளையம் பொருத்தும்வரை சரியாமல் நிற்கும். பெங்களூரில் ஒரே வெட்டுமுகத்தில் மேலே மக்கிய மண்ணும் கீழே கருங்கல்லும் வரும். தோண்டும் இயந்திரத்தின் வெட்டுப்பற்கள் கல்லில் தேயும்போது மேல்மண் அளவுக்கு மீறி உள்ளே சரியும், சாலை உள்வாங்கும். கைவிட்ட போர்வெல் குறுக்கே வந்தால், வெட்டுமுகத்தைத் தாங்கும் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். உங்கள் வளாகத்தில் பழைய போர்வெல் இருந்தால், அளக்க வருபவர்களிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: ஆபத்துக் காலத்தில் மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் பதுங்கலாமா?
– வாசகி, சிவாஜிநகர்

பதில்: சிதறும் துண்டுகளிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் தப்பலாம். நேரடித் தாக்குதலுக்கு அது ஏற்றதல்ல. மேலிருந்து திறந்து தோண்டி, கூரைப் பலகம் போட்டு மூடிய பெட்டி அது. இறங்கியதும் படியடியில் நிற்காமல் உள்ளே தள்ளிப் போங்கள். லிப்டைத் தொடாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது: நம்ம மெட்ரோவில் 750 வோல்ட் மின்சாரம் தலைக்கு மேல் இல்லை, காலடியில் மூன்றாவது தண்டவாளத்தில் ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக நிலைய ஊழியர் சொன்ன பிறகே அந்தப் பக்கம் கால் வையுங்கள்.