மஞ்சள்காமாலைக்குக் காசினிக் கீரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் விவசாயம். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நாலு நாளாகக் கண் மஞ்சளாக இருக்கிறது. மேலப்பாளையத்தில் இருக்கும் அப்பாவின் கூட்டாளி, "காஸ்னி கொடுங்க, ஈரலுக்கு அதுதான் மருந்து" என்றார். செல்போனில் படம் பார்த்து, வாய்க்கால் கரையில் நீலமாகப் பூத்திருந்த செடியைப் பறித்து இரண்டு நாள் சாறு கொடுத்தோம். காபியில் கலக்கும் சிக்கரியும் இதே செடிதான் என்கிறார்கள். அதைக் கூடுதலாகக் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அந்தச் சாற்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அப்பாவின் கூட்டாளி சொன்னது தப்பு என்பதால் அல்ல. நீங்கள் பறித்தது காசினியாக இருக்காது என்பதால் சொல்கிறேன்.

காசினி நம் ஆற்றங்கரையில் தானாக முளைக்கிற செடி கிடையாது. வடக்கே குளிர்காலத்தில் வயல்களில் விளைவது. யாராவது விதை வாங்கி வீட்டுத் தொட்டியில் வளர்த்தால்தான் இங்கே பார்க்கலாம். சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டையோ இலையையோ கிள்ளினால் பால் வடியும். பூ தண்டோடு ஒட்டி, காம்பே இல்லாதது மாதிரி உட்கார்ந்திருக்கும். நல்ல வான நீலம். ஒவ்வொரு இதழின் நுனியையும் உற்றுப் பார்த்தால் ஐந்து சின்னப் பல் தெரியும். காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் உச்சிக்குள் மூடிக்கொள்ளும்.

நம் பக்கம் நீலமாகப் பூப்பவை வேறு. சங்குப்பூ இருக்கிறது, விஷ்ணுகிரந்தி இருக்கிறது. எனக்குப் பயம் அப்பக்கொடி என்கிற செடியை நினைத்துத்தான். ஈரமான இடத்தில், பஞ்சுக் குஞ்சம் போல வெளிர்நீலத்தில் கொத்தாகப் பூக்கும். அதுவும் இதே சாமந்திக் குடும்பம்தான். ஆனால் அதில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு இருக்கிறது. அது கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களையே அடைத்துக் கெடுக்கக் கூடியது. ஏற்கெனவே நொந்துபோன ஈரலுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பறித்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. செடியைப் பார்க்காமல் இன்னொரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது.

இனி உண்மையான காசினிக்கு வருவோம். யூனானி வைத்தியத்தில் காஸ்னிக்குப் பெரிய இடம் உண்டு. அதன் விதை, வேர், இலை மூன்றையும் ஈரலுக்குப் பயன்படுத்துகிறார்கள். இலைச்சாற்றை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் பச்சை திரிந்து ஒதுங்கும். வடிகட்டித் தெளிந்த நீரை மட்டும் எடுப்பார்கள். அதோடு சேர்த்துக் கொடுக்கிற இன்னொரு சாறு எது தெரியுமா? மகோ. நாம் மிளகுதக்காளி என்கிறோமே, அந்த மணத்தக்காளிதான்! வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுக்கும் நம் ஆச்சிமார் ஆய்ந்து போட்ட கீரையும், ஹக்கீம்கள் நம்பிய கீரையும் ஒன்றாக இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

காசினியின் கசப்பு லாக்டூசின் போன்ற பொருள்களால் வருவது. கசப்பு நாக்கில் பட்டதும் உமிழ்நீர் ஊறும், பித்தநீர் சுரப்பும் கூடும். அதனால் மந்தம், உப்புசம், பசியின்மை இதற்கெல்லாம் ஐரோப்பாவிலும் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். எலிகளில் செய்த சோதனைகளில் ஈரலுக்குப் பாதுகாப்பு தெரிந்திருக்கிறது. மனிதர்களின் மஞ்சள்காமாலையை இது குணமாக்கும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. நானே சித்த மருத்துவம் படித்தவன்தான். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மஞ்சள்காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, அறிகுறி. ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் சாதாரணமாக 100 மில்லிக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கும். அது 2.5, 3 என்று ஏறும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெரியும். ஏன் ஏறியது என்பதுதான் கேள்வி. அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ, ஈ வைரஸ் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடியும். அந்தச் சமயத்தில் எந்தக் கீரையைக் கொடுத்திருந்தாலும் பெயர் கீரைக்குப் போய்விடும். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தாலோ கதை வேறு. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உடம்பு அரிக்கும். அப்போது பித்தநீரைத் தூண்டுகிற காசினியைக் கொடுக்கவே கூடாது.

உங்கள் அப்பா சேற்றில் இறங்கி வேலை பார்ப்பவர். அதனால் எலிக்காய்ச்சலையும் மறக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நடவு விவசாயி என்னிடம் வந்தார். எட்டு நாளாகக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கண் மஞ்சளாக மட்டும் இல்லை, சிவந்தும் இருந்தது. ஆடுசதையை லேசாக அமுக்கினேன், "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டார். பாதம் முழுக்க பித்தவெடிப்பு. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலிக்காய்ச்சல்தான், சிறுநீரகமும் பாதித்திருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேறி வந்தார். கீழாநெல்லி அவருக்குக் கெடுதல் செய்யவில்லை, எட்டு நாள் போனதுதான் கெடுதல்.

சிக்கரிக்கு வருகிறேன். ஆமாம், அது இதே செடியின் வேர்தான். காய வைத்து, வறுத்துப் பொடித்தது. காஃபின் கிடையாது. டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். கலப்புக் காபித்தூளில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம், அளவைப் பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். வேரில் இனுலின் என்ற நார்ச்சத்து நிறைய உண்டு. ஒரு நாளைக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் மலம் சீராகப் போக உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. வறுக்கும்போது அதில் ஒரு பகுதி கருகிவிடும், ஒரு டம்ளர் காபியில் இறங்குவதும் கொஞ்சம்தான். அப்பா வழக்கமாகக் குடிக்கிற காபியைக் குடிக்கட்டும். மருந்து என்று நினைத்துக் கூட்ட வேண்டாம், வயிறு ஊதிக்கொள்ளும்.

உடம்பு தேறிய பிறகு, நம்பிக்கையான இடத்தில் காசினிக் கீரை கிடைத்தால் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துக் கொடுங்கள், தாராளமாகச் சாப்பிடலாம். பார்த்தீனியம் பட்டால் அரிப்பு வருகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள் மட்டும் தொட வேண்டாம்.

நாளைக் காலையிலேயே அப்பாவை அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஈரல் பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை, வைரஸ், எலிக்காய்ச்சல், வயிற்று ஸ்கேன் இவற்றைக் கேளுங்கள். வயல் வேலை பார்ப்பவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்துக்கொண்டிருந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அப்புறம், சாறு பிழிந்த அந்தச் செடியில் பூவோடு ஒரு கிளையை ஒடித்து, காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.