தினமும் 5 கிலோமீட்டருக்கு டர்போ எஸ்யூவி வேண்டுமா?

செடான் நன்றாகத்தான் ஓடுகிறது, அலுவலகம் 5 கிலோமீட்டர், டர்போ பெட்ரோல் எஸ்யூவிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஓட்டத்துக்கு வேண்டாம் என்பேன்.

அந்தத் தூரத்தில் வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிடலாம். ஆனால் ஆயில் முழுதாகச் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் வண்டியை அணைத்துவிடுவீர்கள். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கும். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டு அந்த ஆயில் படலத்தை நம்பித்தான் இருக்கிறது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் என்றால் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வில் கரி படிவதும் உண்டு. பெட்ரோல் அதன்மேல் பட்டுக் கழுவுவதில்லை. மைலேஜும் நெரிசலில் நன்றாகவே அடி வாங்கும்.

அடிக்கடி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போவீர்கள் என்றால் கதை வேறு. ஏற்றத்தில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் இழுவை உண்மையிலேயே சுகம்.

ஆசை விடவில்லையா? சரி, அலுவலக வழியிலேயே, நெரிசல் நேரத்தில், ஏசி போட்டு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். இரண்டாம் கியரில் ஊர்ந்துவிட்டுச் சட்டென்று மிதியுங்கள். டர்போ லேக், அதாவது மிதித்த பிறகு இழுவை வர ஆகும் தாமதம், உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், வாங்கினால் ஆயிலை நிறுவனம் சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.