ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் நம்ம குமரி மாவட்டச் சாலைகளுக்குச் சரிப்படுமா?

இழுவையும் சொகுசும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். 349 சிசி எஞ்சின், சுமார் 20 பிஎச்பி. பறப்பதற்கான வண்டி இல்லை. ஆனால் 27 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) 4000 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கிடைத்துவிடும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை பக்கம் ஏறும்போது, பின்னால் ஆள் இருந்தாலும் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்காது. அந்த நிதானமான இழுவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

195 கிலோ எடை, தக்கலை நெரிசலில் சிரமம்தான். ஆனால் ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அதே எடை கைகொடுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்து ஓட்டுங்கள். அப்புறம், சின்னப் பள்ளங்களில் பின்பக்கம் கொஞ்சம் தட்டும். பெரும்பாலும் தனியாகத்தான் போவீர்கள் என்றால், பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.