மதுரையில் ஒரு விடுமுறை நாள்: முழங்கால் வலியுள்ள தாயாருடன்

வணக்கம். மதுரையிலேயே வளர்ந்தும் மீனாட்சியம்மன் கோயிலைத் தவிர எதையும் நிதானமாகப் பார்த்ததில்லை என்றும், முழங்கால் வலியுள்ள தாயாருடன் ஒரே நாளில் எங்கு செல்லலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வெயில் ஏறுமுன் கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் செல்லுங்கள். அங்குள்ள செட்டிப்புடவு என்னும் குகைப் பகுதியில், பாறையில் செதுக்கப்பட்ட பெரிய தீர்த்தங்கரர் (சமண அருளாளர்) சிற்பத்தையும் அதன் கீழுள்ள, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டையும் காணலாம். படியேற வேண்டியிருப்பதால், நீங்கள் மேலே சென்று வரும்வரை தாயார் அடிவாரத்து அய்யனார் கோயிலருகே, தாமரைக் குளத்தைப் பார்த்தபடி ஆலமர நிழலில் அமர்ந்திருக்கலாம். எனக்கு மலையைவிட அந்த நிழலே பிடிக்கும்.

உணவுக்குப் பின், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். சுடப்பட்டபோது காந்தியடிகள் அணிந்திருந்த, குருதிக்கறை படிந்த துணி அங்கிருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில், மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் என்பதால், மாலையில் அந்த வீட்டையும் பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்தின் வார விடுமுறையை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் மகாலை அதே நாளில் அவசரமாகச் சேர்க்க வேண்டாம்; அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.