டேப்பட் சத்தம் போனால் சந்தேகப்படுங்கள்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அப்பா காலத்து பெட்ரோல் அம்பாசடர், பழைய 1489 சிசி எஞ்சின். போன மாதம் பட்டறையில் டேப்பட் செட்டிங் (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது) செய்ததிலிருந்து சத்தமே இல்லை, ஆனால் சூடேறினால் ஐடிலிங்கில் உதறுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்கிறார்களே, நானே செய்யலாமா?

செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது அந்தச் சத்தமின்மைதான். இந்த எஞ்சினில் டேப்பட் லேசாக 'டிக் டிக்' என்று கேட்க வேண்டும். வால்வு சூட்டில் நீளும். அதற்கு இடம் விடாமல் இறுக்கிவிட்டால் சூடான பிறகு வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு கருகும். கொஞ்சம் லூசாக இருந்தால் சத்தம் போடும், அவ்வளவுதான். இறுகிப்போனால் சத்தமே போடாமல் வால்வைத் தின்றுவிடும். இதை டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பி, டைமிங்கால் (பிளக்கில் பொறி விழும் நேரத்தால்) மறைக்கப் பார்த்தால் நாக்கிங் எனும் கடகட சத்தம் வேறு சேர்ந்துகொள்ளும்.

ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே வேலையைத் தொடங்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் கையால் சுலபமாகச் சுற்றும். முன்பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்பது: 8 முழுக்க அமுங்கி நிற்கும்போது 1-ஐ அளக்க வேண்டும், 6 அமுங்கும்போது 3, 4 அமுங்கும்போது 5, இப்படி எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், பிடித்து இழுக்கும்படி இருக்கக் கூடாது. லாக் நட்டை முறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் முறுக்கிய பிறகு இன்னொரு தடவை தகட்டை விட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு குழியின் மேல் பாலம் போல நின்று பொய்க் கணக்குக் காட்டும்.

அடுத்தது பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு. டைமிங்குக்கு முன்னால் இதுதான், ஏனென்றால் பாயிண்ட் இடைவெளி கூடினாலே டைமிங் தானாக அட்வான்ஸ் ஆகிவிடும், பொறி முன்கூட்டியே விழும். இதற்கும் அதே 15 தௌ தகடு போதும்.

இப்போது டைமிங். எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றி, முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் முடிவுக்குக் கொண்டு வாருங்கள். 1, 2 ராக்கர் இரண்டும் லூசாக ஆடினால் சரியான இடம். கிராங்க் புல்லியில் உள்ள வெட்டை, டைமிங் கவரில் இருக்கும் முள்ளில் 5 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு காயிலிலிருந்து வரும் சின்ன ஒயர் முனையிலும் மற்றதை பாடியிலும் வைத்து இக்னிஷனைப் போடுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரை மெல்லத் திருப்பும்போது பல்பு எரியும் அந்த நொடியில்தான் பாயிண்ட் திறக்கிறது, அங்கேயே இறுக்கிவிடுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட், அதாவது பொறி தாமதமாகும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவராக இருந்தால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், அட்வான்ஸ் அதிகமானால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு போய்விடும்.

ஓட்டிப் பார்ப்பதில் நம் ஊரில் ஒரு சங்கடம், ஏற்றமே கிடையாது. ரயில்வே மேம்பாலம் ஏதாவது இருந்தால் அதில் ஏறுங்கள், இல்லாவிட்டால் காலியான சாலையில் டாப் கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஒரு நொடி லேசாகக் கிணுகிணுத்து அடங்கினால் சரி, தொடர்ந்து கடகடத்தால் டிஸ்ட்ரிப்யூட்டரை ஒரு மயிரிழை ரிடார்ட் செய்யுங்கள்.

பட்டறைக்காரர் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது; இந்தப் பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டுக்கு அந்த ஈயம்தான் கவசமாக இருந்தது. அது இல்லாமல் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கினால் இடைவெளி தானாகவே குறையும். அதனால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 1, 4, 5, 8 ஆகிய எக்ஸாஸ்ட் வால்வுகளை மறுபடி அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப இறுகினால் டேப்பட்டோடு மல்லுக்கட்டாமல் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொடுத்து, கடின சீட் ரிங் போட்டு வாங்குங்கள்.