ஃபிஷ் குழுவை எங்கிருந்து கேட்பது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஃபிஷ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘எ பிக்சர் ஆஃப் நெக்டர்’ ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு பாட்டு ராக், இன்னொன்று ஜாஸ், அப்புறம் ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை. எதிலும் மனம் ஒட்டவில்லை. பெரிய ஹிட் எதுவும் இல்லாத இவர்கள் பின்னால் ரசிகர்கள் ஏன் ஊர் ஊராகப் போகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டது ஸ்டுடியோ ஆல்பம். அதிலுள்ள ‘ட்வீசர்’ ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1994 நவம்பரில் மெய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரில் அதே பாட்டு அரை மணி நேரத்தைத் தாண்டியது. ‘எ லைவ் ஒன்’ என்ற கச்சேரி ஆல்பத்தில் அது இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

மேடையில் அவர்கள் மனம்போன போக்கில் வாசிப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் கடுமையான சாதகம் இருக்கிறது. 1983இல் வெர்மான்ட்டில் தொடங்கிய குழு இது. ஒத்திகையில் ஒருவர் சின்னதாக ஒரு துணுக்கை வாசிப்பார். மற்ற மூவரும் அதற்குப் பொருந்தும்படி ஆளுக்கொன்று சேர்ப்பார்கள். நான்கும் இசைந்துவிட்டது என்று காதில் பட்டவர் ‘ஹே’ என்பார். நால்வரும் சொன்ன பிறகுதான் மாற்றலாம். அதாவது, தன் வாத்தியத்தைவிட அடுத்தவருடையதைக் கூர்ந்து கேட்கும் பயிற்சி. அவர்களுடைய இசையின் உயிரே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பல பாணிகள் கலப்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். 1996 ஹாலோவீன் இரவில் அட்லாண்டாவில் டாக்கிங் ஹெட்ஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பத்தை முழுவதுமாக வாசித்தார்கள். நிறைய ஒத்திகை பார்த்து அந்தத் தாளக்கட்டுக்குள் இறங்கியதில் அவர்கள் வாசிப்பே மாறிப்போனது. அதுவரை கிட்டார் கலைஞர் ட்ரே அனஸ்டாசியோ முன்னால் ஓட, மற்றவர்கள் தொடர்வது வழக்கம். 1997இல் அவர் பின்வாங்கித் தாளத்தோடு ஒட்டிக்கொண்டார். மைக் கார்டனின் பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. தாளமும் பேஸும் முன்னால் நிற்கும் இந்தப் பாணிக்கு ஃபங்க் என்று பெயர். எனக்கு மிகப் பிடித்த ஃபிஷ் அந்த ஃபங்க் ஆண்டுதான். கடன் வாங்கிய பாணி உடம்பில் ஊறிப்போனால் இப்படித்தான் ஒலிக்கும்.

2004இல் கலைந்தார்கள், 2009இல் திரும்பினார்கள். 2017இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தார்கள். ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை. ஊர் ஊராகப் போகும் ரசிகர்களுக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

‘ட்வீசர்’ பிடித்திருந்தால், சரி, அடுத்து ‘ஹாம்ப்டன்/வின்ஸ்டன்-சேலம் ’97’ தொகுப்பைக் கேளுங்கள். 1997 நவம்பரில் நடந்த மூன்று கச்சேரிகள். பேஸ் காதில் விழுகிற நல்ல ஹெட்போன் அவசியம்.